அந்த ஓ.டி. கணக்கு

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். நடவு முடிந்தது, அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. மற்றதை அப்புறம் எழுதுகிறேன். நீ ரூமில் எடுத்து அனுப்பிய போட்டோவில் கட்டில்மேல் சம்பளச் சீட்டு கிடந்தது, பெரிதாக்கிப் பார்த்தேன். அடிப்படைச் சம்பளம் மாதம் 800 சிங்கப்பூர் வெள்ளி, கூடுதல் நேரம் பார்க்கிற ஓ.டி.க்கு மணிக்கு 4 வெள்ளி, கீழே உன் கையெழுத்து.

வாரம் 44 மணி நேரத்துக்கு மேல் செய்கிற வேலைக்கு ஒன்றரை மடங்கு தர வேண்டும் என்பது சிங்கப்பூர்ச் சட்டம். உன் சம்பளத்துக்கு மணிக்கு 6 வெள்ளி 29 காசு வருகிறது. கணக்கில் வகுப்பிலேயே நீதான் முதல், உனக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் கையெழுத்துப் போட்டாயே என்றுதான் தூக்கம் வரவில்லை. அம்மா கேட்டால் ‘நல்லா இருக்கேன்’ என்கிறாய், என்னிடம் அதுவும் கிடையாது.

ஒரத்தநாட்டில் வாங்கிய கடனின் வட்டியை நினைத்து வாயை மூடிக்கொண்டிருக்கிறாய். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இருபது வயதில் குடும்பப் பாரத்தைத் தூக்கிய பிள்ளை நீ, அதற்காக எவன் ஏமாற்றினாலும் பொறுத்துப் போக வேண்டும் என்று இல்லை.

சித்தப்பா மகனிடம் விசாரித்தேன். முதலில் சம்பளத் தகராறைப் பேசித் தீர்த்துவைக்கிற டி.ஏ.டி.எம். என்ற அமைப்பில் மனுக் கொடுத்தால் கம்பெனியையும் கூப்பிட்டுச் சமரசம் பேசுவார்களாம். ஒத்துவராவிட்டால் நடுவர் மன்றம், அங்கே வக்கீலே கூடாது, நீயே பேசலாம், 20,000 வெள்ளி வரை கேட்கலாம். ஆனால் வேலையில் இருக்கும்போது கடைசி ஒரு வருஷத்துப் பாக்கிதான் கேட்க முடியும், நீ தள்ளிப்போடப் போட பழைய மாதங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும். வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதத்துக்குள் போட வேண்டும்.

சம்பளச் சீட்டு, டைம்கார்டு, வேலை அனுமதிக்கு முதலில் வந்த ஐ.பி.ஏ. லெட்டர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. தினமும் எத்தனை மணிக்கு வேலை தொடங்கியது, எத்தனை மணிக்கு விட்டார்கள் என்று எழுதி வை. எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே, வெற்றுத் தாளில் போடவே போடாதே.

ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று சூப்பர்வைசர் மிரட்டுகிறானா? அனுப்பட்டும், வீடு இருக்கிறது, வா. அதற்கு முன்னால் மனுவைப் போட்டுவிடு. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவுகிற மைக்ரன்ட் வொர்க்கர்ஸ் சென்டருக்கு எந்த நேரமும் போன் போடலாமாம். இந்த ஞாயிறு தேக்காவில் சித்தப்பா மகனைப் பார், கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அம்மாவிடம் இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாம். என்னைக் கூப்பிடு, ராத்திரி எத்தனை மணியானாலும் சரி. கையெழுத்து மட்டும் போடாதே.

அப்பா