செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, செயற்குழுத் தோழர்களே, மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கடலுக்குப் போகாமல் இன்று வர முடிந்த உறுப்பினர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். நம் கால்பந்து மன்றத்தின் 2024–25ஆம் ஆண்டு அறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

சுதந்திர தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் வழங்கினோம். நவம்பர் 30 அன்று, 2017 ஒக்கிப் புயலில் கடலோடு போன நம் சகோதரர்களுக்கு மெழுகுதிரி ஏற்றி அஞ்சலி செலுத்தினோம். கிறிஸ்துமஸ் குடில் வைத்தோம். திருவிழாவையொட்டி மின்னொளி கால்பந்தாட்டப் போட்டி நடந்தது. நம் அணி அரையிறுதியில் டைபிரேக்கரில் தோற்றது. படிப்பகத்துக்கு நாளிதழ் வருவது தொடர்கிறது.

இனி முக்கியமான காரியத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிற பயிற்சியாளரை, பயிற்சியாளர்களுக்கான டி உரிமப் பயிற்சிக்கு அனுப்ப மன்றம் பணம் கொடுத்தது. "ஒரு ஆளுக்காக ஊர்ப் பணத்தைச் செலவு பண்ணியாச்சு" என்று வாட்ஸ்அப் குழுவில் சிலர் எழுதினார்கள். செயற்குழுவுக்கு வந்து கேட்டவர் ஒருவரும் இல்லை. எனவே ஏன் கொடுத்தோம் என்பதை இங்கேயே விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அவரை உங்கள் எல்லாருக்கும் தெரியும். இப்போது கடலரிப்பில் போய்விட்ட பழைய கடற்கரை மைதானத்தில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்தவர். லெஃப்ட் விங்கில் பந்தை வாங்கினால் கோட்டை ஒட்டியே கொண்டுபோய் கிராஸ் போடுவார். நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் அவர் ஆடுகிறார் என்றால் நம் ஊரிலிருந்து வேன் பிடித்துப் போவார்கள். சென்னையில் ஒரு வங்கி அணியின் தேர்வுக்குப் போய் கடைசிச் சுற்று வரை நின்றார், வேலை கிடைக்கவில்லை. பிறகு கேரளத்தில் மலப்புறம் பக்கம் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து, ஆடப் போனார். அங்கே அறுத்த வயலில் மூங்கில் காலரி கட்டி ராத்திரி ஆட்டம் நடக்கும்; ஆடினால் அன்றைக்கே கையில் காசு. ஆடாத நாளுக்குக் காசு இல்லை. அப்படி ஒரு சீசனில்தான் அவருடைய முழங்கால் போனது.

நம் கரையைச் சேர்ந்த இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் 2019–20இல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்ற கொல்கத்தாவின் ஏடிகே அணியில் ஆடியதை நாம் எல்லாரும் டிவியில் பார்த்துக் கைதட்டினோம். அடுத்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே, 2020 நவம்பரில், அவருக்கு அடிபட்டு அந்த சீசன் முழுவதும் வெளியே இருக்க வேண்டி வந்தது. ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு கிளப் நின்றது. நம் ஆளுக்குப் பின்னால் யார் நின்றார்கள்? எண்ணெய் போட்டுக் கட்டுக் கட்டிக்கொண்டு இன்னும் ஒரு வருடம் ஆடினார். அதன் பிறகு கால் மடங்கவில்லை. பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போனார். கரைக்கு வரும் நாட்களில் சாயங்காலம் பிள்ளைகளை வைத்துப் பந்து உருட்ட ஆரம்பித்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை, யாரும் எதுவும் கொடுக்கவும் இல்லை.

அவர் பயிற்சியை நேரில் வந்து பாராதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். கிழிந்த வலையிலிருந்து அறுத்த மிதப்புகளை நான்கு மூலையிலும் வைத்துக் கட்டம் போடுவார். நடுவில் ஒரு பிள்ளை. பந்து வருவதற்கு முன்னால், பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்று மஞ்சள் அல்லது சிவப்புப் பனியனைத் தூக்கிக் காட்டுவார். பிள்ளை திரும்பிப் பார்த்து நிறத்தைச் சத்தமாகச் சொன்ன பிறகுதான் பந்தைத் தொட வேண்டும். சொல்லாமல் தொட்டால் வெளியே. முதல் வாரம் எல்லாப் பிள்ளைகளும் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றன. இப்போது ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பந்து காலுக்கு வருமுன்பே இரண்டு தோளுக்கு மேலாகவும் பார்த்துவிடுகிறான். மின்னொளி போட்டியில் நம் பெரிய ஆட்டக்காரர்களிடம் இல்லாத பழக்கம் இது. அரையிறுதியில் நடுக்களத்தில் எத்தனை பந்தைப் பின்னாலிருந்து பறிகொடுத்தோம் என்று அன்று பார்த்தவர்கள் அறிவார்கள்.

சின்னப் பிள்ளைகளை ஹெட் அடிக்க விடுவதில்லை என்று ஒரு புகாரும் வந்தது. அது அவருடைய பிடிவாதம் அல்ல. தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலையால் முட்டுவது வேண்டாம் என்று இங்கிலாந்துக் கால்பந்து சங்கமே 2020இல் அறிவுறுத்தியிருக்கிறது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே சற்றுச் சிறிய 4ஆம் நம்பர் பந்துதான் என்று அவர் நிற்பதும் இப்படித்தான். மார்த்தாண்டத்தில் பந்து வாங்கப் போனபோது பெரிய பந்தே எல்லாருக்கும் போதும் என்று நம்மில் சிலர் சொன்னார்கள். ஒன்பது வயதுக் காலுக்கு 5ஆம் நம்பர் பந்து கனம். உதைக்கிற முறையே கெட்டுப்போகும்.

டி என்பது இந்தியக் கால்பந்து கூட்டமைப்பு தரும் உரிமம். வகுப்பும் உண்டு, மைதானமும் உண்டு. தானே ஒரு பயிற்சியை நடத்திக் காட்டித் தேற வேண்டும். அதற்கு மேலே சி, பி, ஏ, ப்ரோ என்று ஆசியக் கூட்டமைப்பின் படிகள் இருக்கின்றன. நம் கரையில் தூத்தூரிலிருந்து குளச்சல் வரை ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆடி முடித்த பிறகு அவர்கள் கற்றதெல்லாம் அவர்களோடு கடலுக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுகிறது. அதை ஊரில் தங்கவைக்கத்தான் இந்தச் செலவு. அவர் உரிமத்தோடு வந்தார். உரிமத்தின் பிரதி படிப்பகத்தில் மாட்டியிருக்கிறது.

சைமன் சுந்தர்ராஜ் என்ற தமிழரை இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். பி.கே. பானர்ஜி தலைமையில் 1960 ரோம் ஒலிம்பிக்கிற்குப் போன இந்திய அணியில் இருந்தவர். அந்த அணிதான் பிரான்ஸை 1–1 என்று நிறுத்தியது. பானர்ஜியும் பின்னாளில் பெரிய பயிற்சியாளர் ஆனார், சைமனும் ஆனார். 1973இல் கேரளம் முதன்முதலாக, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியை வென்றபோது அந்த அணிக்குப் பயிற்சியாளர் சைமன்தான். இறுதி ஆட்டத்தில் ரயில்வேயை 3–2 என்று வென்றார்கள். கேப்டன் மணி மூன்று கோலும் அடித்தார். நம் தமிழரின் உழைப்பில் அடுத்த மாநிலம் கோப்பை தூக்கியது. இதை நான் இன்று நினைவூட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. கேரள எல்லைக்கு அப்பால் ஒரு பள்ளி நம் பயிற்சியாளரை மாதச் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறது. தங்குமிடமும் தருவார்களாம். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

இப்போது சந்தா. மாதம் 50 ரூபாய். ஆண்டு முழுவதும் ஒழுங்காகக் கட்டியவர்கள் உறுப்பினர்களில் பாதிக்கும் குறைவு. தங்கலுக்குப் போனவர்கள் கரைக்கு வந்ததும் மொத்தமாகக் கட்டிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மஸ்கட்டிலிருந்தும் தோஹாவிலிருந்தும் அனுப்புகிற தம்பிமாருக்கும் நன்றி. ஊரிலேயே இருந்து, போட்டி நடக்கும்போது மேடையில் நாற்காலி கேட்கிறவர்கள்தான் பாக்கி வைத்திருக்கிறார்கள். போதிய உறுப்பினர் வராமல், கோரம் இல்லாமல் சென்ற பொதுக்குழுவை ஒத்திவைத்ததும் இவர்களால்தான். பெயரைப் பலகையில் எழுத வேண்டும் என்று செயற்குழுவில் பேச்சு வந்தது; நான் வேண்டாம் என்று தடுத்தேன். அடுத்த ஆண்டும் தடுக்க முடியுமா என்று சொல்ல இயலாது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், போட்டிக்கு வந்த நன்கொடை போட்டிக்கே சரியாகப் போனது, லைட் வாடகையில் சிறு பாக்கி நிற்கிறது, கையிருப்பு சொல்லும்படியாக இல்லை.

மைதானம் தந்த பங்குப்பேரவைக்கும், ஜெனரேட்டர் தந்து உதவியவருக்கும், சாப்பாடு சமைத்த தாய்மார்களுக்கும், ஒலிபெருக்கி அமைத்தவர்களுக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் பயிற்சியாளருக்கு மாதம் ஒரு தொகை கொடுக்க வேண்டும் என்பது என் தீர்மானம். பள்ளி கொடுக்கிற அளவுக்கு நம்மால் முடியாது, அவரும் அதை எதிர்பார்க்கவில்லை. தொழிலுக்குப் போகாமல் சாயங்காலம் மைதானத்தில் நிற்கிற நாட்களுக்காவது வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். பாக்கிச் சந்தா மட்டும் வந்துசேர்ந்தாலே ஆறு மாதம் ஓட்டலாம். தடைக்காலம் முடிந்து ஆகஸ்ட் 1 படகுகள் இறங்குகின்றன. அதற்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்