கொறங்காட்டுக்குப் புல் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள உறவுகளுக்கும் ஊராருக்கும் வணக்கம்.

கடந்த தை மாதம் எங்கள் கொறங்காட்டின் படலைத் திறந்து இரண்டு காங்கேயம் கிடாரிகளை உள்ளே விட்டோம். பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மண்ணில் மாடு மேய்ந்தது. நாக்கைச் சுழற்றிப் புல்லை அவை அறுக்கும் சத்தத்தைக் கேட்டபடி அம்மா வெள்வேல மரத்தடியில் வெகுநேரம் நின்றார். அன்றிரவே எழுத உட்கார்ந்தேன். யாருக்கு முதலில் நன்றி சொல்வது என்று தெரியாமல் இத்தனை நாள் தள்ளிப் போயிற்று.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு சொல். தாராபுரம், காங்கேயம், மூலனூர்ப் பக்கம் வானம் பார்த்த மேய்ச்சல் நிலத்தைக் கொறங்காடு என்போம். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், தரையில் கொழுக்கட்டைப் புல். எங்கள் மூன்று ஏக்கரில் வேலி இருந்தது, மரம் இருந்தது, புல் இல்லை. மக்காச்சோளத்துக்காக ஆண்டு தவறாமல் உழுததில் தூர்கள் செத்துவிட்டன. உழவு நின்றதும் சீமைக் கருவேல் ஏறிக்கொண்டது.

2021 ஐப்பசியில் விலைக்கு வாங்கிய விதையைத் தூவினேன். இந்தப் பருவத்தில் எடுத்த புது விதை என்று சொல்லிக் கொடுத்தார்கள். மழையும் நன்றாகவே பெய்தது. முளைத்ததெல்லாம் களைதான். மனம் விட்டுப்போயிற்று. அப்போது வீடு தேடி வந்தவர் ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் ஐயா. மீதி விதையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "புதிதாக இருந்ததுதான் குற்றம்" என்றார். கொழுக்கட்டைப் புல்லின் விதை அறுத்தவுடன் உறக்கத்தில் இருக்கும். ஆறு மாதமாவது, கூடுமானால் ஓராண்டு, காய்ந்த இடத்தில் வைத்திருந்தால்தான் நன்றாக முளைக்கும். இந்த ஒரு செய்தி தெரியாமல் எத்தனை பேர் நிலத்தைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ! ஐயா, உங்களுக்கு என் முதல் வணக்கம்.

இரண்டாவது வணக்கம் பக்கத்துக் காட்டு ஆத்தாவுக்கு. எண்பதைத் தாண்டிய வயதில் எனக்கு விதை உருவக் கற்றுக்கொடுத்தவர் அவர். கொழுக்கட்டைக் கதிர் பூனை வால் போல மெத்தென்று இருக்கும், இளம் கதிரில் லேசான ஊதா ஓடும். நான் ஒரு கதிரைப் பிடித்து இழுத்தபோது ஆத்தா கையைத் தட்டிவிட்டார். "இழுக்காதே கண்ணு, தடவு. பழுத்தது தானாக உன் கைக்கு வரும். வராததை நாளைக்கு வந்து கேள்." ஒரே கதிரில்கூட எல்லாம் ஒன்றாக முற்றுவதில்லை, இரண்டு நாள் தவறினால் முற்றியது காற்றோடு போய்விடும். அதனால் ஒரே தூரிடம் நாலைந்து முறை போகவேண்டும். கைக்கு வந்த மணியை அவர் உள்ளங்கையில் வைத்துக் கசக்கிக் காட்டினார். மணியை மூடியிருந்த மெல்லிய மயிர், அதாவது சுனை, எல்லாம் விரலில் ஒட்டிக்கொண்டது. நடுவில் எள்ளைவிடச் சிறிதாக ஒரு பருப்பு. பருப்பில்லாத சொத்தை எவ்வளவு இருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

மூன்று வாரம் உருவினோம். ஐயா சொன்னபடி துணிப்பையில் கட்டி உத்திரத்தில் தொங்கவிட்டேன். உருவிய கையோடு நூறு மணியை ஈரச் சாக்கில் வைத்துப் பார்த்தபோது ஒன்பது முளைத்தன. மறு ஆண்டு அதே பையிலிருந்து எடுத்த நூறில் நாற்பத்தாறு. அந்தச் சாக்கைத் தெருவெல்லாம் கொண்டுபோய்க் காட்டினேன்.

2023 ஐப்பசியில் விதைத்தோம். ஏக்கருக்கு மூன்று கிலோ போதும், ஆனால் பஞ்சு போன்ற விதை, கையிலிருந்து விழாமல் பறக்கும். செம்மண்ணையும் பொடித்த சாணத்தையும் ஈரமாகப் பிசைந்து அதில் விதையைப் புரட்டித் தூவச் சொன்னவர் பெரியப்பா. எறும்பு இழுத்துப் போவதும் அதனால் குறைந்தது. ஆழமாகப் போனால் முளை மேலே வராது என்பதால் உழவு போட்டு மூடாமல், முள்கிளையை ஒருமுறை இழுத்ததோடு சரி. வேலி அடைப்புக்கு வந்த மாமாவுக்கும் மச்சான்மார்களுக்கும் இங்கேயே நன்றி.

எட்டாம் நாள் தரையில் பச்சை நூல் நூலாகத் தெரிந்தது. எது புல், எது களை என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒன்றை மெதுவாகப் பிடுங்கி வேரைப் பார்க்கச் சொன்னார் அம்மா. வேர் முனைக்கு மேலே, சுனையோடு பழைய விதைக்கூடு ஒட்டிக்கொண்டிருந்தது. நம்முடையதுதான்!

முதல் ஆண்டு முழுவதும் ஆடு மாடு வாய் வைக்கக் கூடாது என்பதால், வழக்கமாக எங்கள் காட்டைக் கடந்து போகும் செம்மறிக்காரர்கள் சுற்றுப்பாதையில் போனார்கள். கோடையில், பசித்த மந்தையோடு. இதற்கு என்ன சொல்லி நன்றி சொல்வதென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. இனி மழை முடிந்து கதிர் உதிர்ந்த பிறகு உங்கள் மந்தைக்கும் அந்தப் படல் திறக்கும்.

எனக்கே பிறகுதான் தெரிந்த ஒன்றையும் சொல்லவேண்டும். நாங்கள் விதை உருவிய தூர்கள், ஆத்தா மருமகளாக வந்த புதிதில் என் அப்பாரு (தாத்தா) எங்கள் காட்டிலிருந்து பிடுங்கிக் கொடுத்தனுப்பியவையாம். வேலியோரம் நட்டு இத்தனை காலம் காத்து வந்திருக்கிறார். கொழுக்கட்டைப் புல்லின் விதை பெரும்பாலும் ஆண் கலப்பில்லாமல், தாய்த்தூரின் அச்சாகவே உருவாகும் என்று அலுவலர் ஐயா விளக்கியிருந்தார். அப்படியானால் இன்று கிடாரிகள் மேய்வது அப்பாரு பார்த்த அதே புல். ஆத்தாவிடம் இதைச் சொன்னபோது, "கடன் வாங்கினால் திருப்பித் தரவேண்டாமா கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதிரைத் தடவப் போய்விட்டார்.

சென்ற ஆண்டு உருவியதில் நாலரை கிலோ பையில் இருக்கிறது. காசு வேண்டாம், புரட்டாசிக்குள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஆண்டுப் பையை மட்டும் யாரும் கேட்கவேண்டாம், அது இன்னும் உறங்கிக்கொண்டிருக்கிறது.