ஜாடிக்குள்ள போட்ட ஃபைட்டர் மீன்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்க இதழ்ல வீட்டு அலங்காரப் பக்கத்துல வந்த ஒரு போட்டோவப் பாத்துட்டுதான் இதை எழுதுறேன். மேஜை மேல ஒரு கண்ணாடி ஜாடி, மேல மணி பிளான்ட், கீழ தண்ணிக்குள்ள நீலக் கலர்ல ஒரு ஃபைட்டர் மீன், பக்கத்துல "ஃபில்டர் தேவையில்லை, செடியோட வேரையே சாப்பிட்டுக்கும்"னு போட்டிருந்தீங்க. அந்த ஜாடி ஒன்றரை லிட்டர் இருந்தா அதிகம். அதைப் படிச்சுட்டு எத்தனை பேரு அந்த ஞாயித்துக்கிழமையே கொளத்தூர் மீன் கடைத்தெருவுக்குக் கிளம்பியிருப்பாங்களோன்னு நினைச்சா மனசு கேக்கல.

ஏன்னா நாலு வருஷம் முன்னாடி நானும் அதே தப்பத்தான் பண்ணேன். பையனோட பொறந்த நாளுக்கு ஒரு சிவப்பு ஃபைட்டர், ஒரு உருண்டை பவுல், கொஞ்சம் கலர் கல்லு. வாரா வாரம் மொத்தத் தண்ணியையும் கொட்டிட்டு பவுலை சோப்பு போட்டு தேச்சுக் கழுவி குழாய்த் தண்ணிய அப்படியே புடிச்சு ஊத்துவோம், சுத்தமா வச்சிருக்கோம்னு நெனச்சோம். மூணாவது வாரம் வால் ஓரமெல்லாம் நைஞ்சு போச்சு, அடியில போய் படுத்துக்கிச்சு, ஒருநாள் காலைல பாத்தா மெதக்குது. பையன் அழக்கூட இல்ல, "அதுக்கு இடம் பத்தலையாப்பா"ன்னு மட்டும் கேட்டான். அந்தக் கேள்விக்கப்புறம்தான் நான் உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன்.

ஃபைட்டரோட பூர்வீகம் தாய்லாந்து. அங்க 2019-ல அதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாவே அறிவிச்சிருக்காங்க. நெல்லு வயல், சதுப்பு, வாய்க்கா, இதுதான் அதோட வீடு. தண்ணி ஆழம் கம்மிதான், ஆனா பரப்பு எவ்வளவு தூரம்னு யோசிங்க, வயல் வயலா போகும், உள்ள பூரா செடி கொடி. கோடையில தண்ணி வத்தும்போது குட்டைல மாட்டிக்கும், அப்பவும் சாகாது, ஏன்னா செவுள் போக தலைக்குள்ள லாபிரிந்த்னு ஒரு உறுப்பு இருக்கு, மேல வந்து நேரா காத்தையே இழுத்துக்கும். "அது குட்டைலயே வாழுற மீனுதாங்க"ன்னு எல்லாரும் சொல்றது இதை வச்சுதான். ஒத்தக்கால்ல தொங்கிக்கிட்டு பஸ்ல ஒரு மணி நேரம் வந்துடுறோம், அதுக்காக அந்த படிக்கட்டுலயே குடித்தனம் நடத்தச் சொல்லலாமா? கடையில பிளாஸ்டிக் கப்புல வச்சிருக்காங்களேன்னு கேக்கலாம், ஆம்பள மீன் ரெண்டு ஒண்ணா இருந்தா சண்டை போட்டு கிழிச்சுக்கும், அதனால விக்கிற வரைக்கும் தனித்தனியா வைக்கிறாங்க, அது கடைக்கான ஏற்பாடு, நம்ம வீட்டுக்கு இல்ல.

காத்தை இழுத்துக்குதுங்கறதால மூச்சுப் பிரச்சினைதான் தீருது, கழிவுப் பிரச்சினை தீரல. மீன் போடுற கழிவு, மிஞ்சுன சாப்பாடு எல்லாம் அம்மோனியாவா மாறுது, அது மீனுக்கு விஷம். ஃபில்டர் ஸ்பாஞ்சுலயும் கல்லுலயும் வளர்ற பாக்டீரியா அந்த அம்மோனியாவ முதல்ல நைட்ரைட்டா ஆக்கும், அதுவும் விஷம்தான், அப்புறம் நைட்ரேட்டா ஆக்கும், அது கொஞ்சம் சேர்ந்தாலும் மீன் தாங்கும், வாராவாரம் கால்வாசி தண்ணி மாத்துனா அதுவும் குறைஞ்சுடும். இந்த பாக்டீரியா ஒழுங்கா செட் ஆக ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆகும். நான் சோப்பு போட்டுக் கழுவுனப்ப வாராவாரம் அதைத்தான் கொன்னுட்டு இருந்திருக்கேன். ஒரு ஜாடில தண்ணியே இத்துனூண்டு, விஷம் ரெண்டே நாள்ல ஏறிடும், வெயில்ல சட்டுனு சூடாகும், ராத்திரி ஏசி போட்டா சட்டுனு குளிரும். தண்ணி அதிகமா இருந்தா எல்லாமே மெதுவா மாறும், மீன் சமாளிச்சுக்கும். பெரிய தொட்டிதான் பராமரிக்க சுலபம், சின்னதுதான் கஷ்டம், இதை உங்க பக்கத்துல தலைகீழா எழுதியிருந்தீங்க.

இப்ப எங்க வீட்டுல இருக்கறது ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரத் தொட்டி. மேல ரெண்டு இன்ச் விட்டு ஊத்துனா சுமார் 35 லிட்டர் புடிக்கும். அவ்வளவு இடம் இல்லாதவங்க 20 லிட்டராவது வைங்க, அதுக்குக் கீழ வேணாம்ங்கறது என் அபிப்பிராயம். உயரமா வாங்குறத விட நீளமா வாங்குங்க, அந்த நீள வாலை இழுத்துக்கிட்டு ஒவ்வொரு தடவையும் மேல வந்து மூச்சு விடணும், ஆழமா இருந்தா களைச்சுப் போகும். மூடி கட்டாயம், குதிக்கும், ஆனா மூடிக்கும் தண்ணிக்கும் நடுவுல இடைவெளி வேணும். தண்ணியோட சேர்த்தா வெயிட்டு அம்பது கிலோவ நெருங்கும், அதனால உறுதியான ஸ்டாண்டு, தொட்டிக்கு அடியில ஒரு தெர்மாகோல் ஷீட்டு. ஃபில்டர்ல ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் நல்லது, வேகமா தண்ணி அடிக்கிற பவர் ஃபில்டர் வச்சா பாவம் நாள் பூரா எதிர்நீச்சல் போட்டுக்கிட்டே இருக்கும். ஸ்பாஞ்சை குழாயில கழுவாதீங்க, தொட்டில இருந்து எடுத்த பழைய தண்ணிலயே பிழிஞ்சு வைங்க.

குழாய்த் தண்ணில குளோரின் இருக்கும், ஆன்டி குளோரின் சொட்டு விட்டுதான் ஊத்தணும். ஆர்ஓ தண்ணிய மட்டும் ஊத்தாதீங்க, அதுல உப்புச்சத்து ரொம்பக் கம்மி. சூடு 25-ல இருந்து 28 டிகிரி வரைக்கும் நல்லது, சென்னையில முக்கால்வாசி மாசம் ஹீட்டர் தேவையே இல்ல, ஆனா ஏசி ரூம்ல வைக்கிறவங்களும் ஊட்டி கொடைக்கானல் பக்கம் இருக்கறவங்களும் ஒரு ஹீட்டரும் தெர்மாமீட்டரும் வாங்கியே ஆகணும்.

உள்ள என்ன வைக்கிறோம்ங்கறதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி. பிளாஸ்டிக் செடி வால கிழிச்சுடும், கூர்மையான கல்லும் அப்படித்தான். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன்னு ரெண்டு தண்ணிச் செடி இருக்கு, ரெண்டும் வெளிச்சம் கம்மியா இருந்தாலும் வளரும், மரத்துண்டுல கட்டி விட்டா போதும். தண்ணி மட்டத்துக்குக் கிட்ட அகலமான இலை ஒண்ணு இருந்தா அதுமேல படுத்து தூங்கும், பாக்கவே அவ்வளவு அழகா இருக்கும். இன்னொண்ணு, நம்ம தெருவுல நிக்கிற நாட்டு வாதாம் மரம், அதுல தானா உதிர்ந்து காஞ்ச இலைய கழுவிப் போட்டா தண்ணி டீ கலர்ல மாறும், பயப்படாதீங்க, அதோட சொந்த ஊர் தண்ணிக்கும் அந்த சாயல் உண்டு. மருந்து அடிச்ச மரமா மட்டும் இருக்கக்கூடாது. வேரைத் தின்னுக்கும்னு போட்டதும் தப்பு, அது பூச்சி, கொசுப்புழு தின்னுற மீன், வேரை நம்பி விட்டா பட்டினிதான்.

ஃபைட்டரோட சொந்தக்கார மீன் ஒண்ணு நம்ம பக்கத்துலயும் இருக்கு, 1831-ல விஞ்ஞானிங்க அதுக்கு வச்ச பேருல இருக்கற "குபானஸ்" பாண்டிச்சேரி அரியாங்குப்பம் ஆத்துல இருந்து வந்ததுதான். அதுவும் மேல வந்து காத்து குடிக்கும், வயல்லயும் வாய்க்கால்லயும் புல்லு நடுவுல ஒளிஞ்சுக்கும். அதை ஒரு தடவை அதோட இடத்துல பாத்தவங்க யாரும் இந்த ஜாதி மீனை ஜாடில போட மாட்டாங்க.

ஆசிரியர் அவர்களே, உங்க இதழ் எங்க வீட்டுக்கு பல வருஷமா வருது, என் மனைவியும் பையனும் கூட படிக்கிறாங்க. அந்தப் பக்கத்துக்கு ஒரு சின்னத் திருத்தமாவது அடுத்த இதழ்ல போடுங்க. போட்டோ வேணும்னா எங்க தொட்டியோடத அனுப்பி வைக்கிறேன், இப்ப இருக்கற வெள்ளை ஃபைட்டருக்கு ரெண்டரை வருஷம் ஆச்சு, நேத்துகூட வாதாம் இலைக்கு அடியில, முட்டைய வைக்கிறதுக்காக ஆம்பள மீன் கட்டுற நுரைக்கூடு கட்டியிருந்துச்சு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வில்லிவாக்கம், சென்னை.