அப்பாயியை ஏன் தஞ்சாவூருக்குத் தூக்கிப் போகவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அப்பாயிக்கு இப்போது தேவலை. இன்று காலையில் காப்பியில் சர்க்கரை இல்லை என்று எனக்குத் திட்டு விழுந்தது. அப்பாயி தேறிவிட்டது என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டது மனசிலேயே கிடக்கிறது. "இவ்வளவு முடியாத ஆளை வீட்டிலேயே வைத்து டாக்டரை வரவழைச்சீங்களே, காசு பார்த்தீங்களா?" என்றாய். போனில் பதில் சொன்னால் சண்டைதான் வரும், அதனால் எழுதுகிறேன்.

பங்குனியில் யூரின் டியூப் மாற்ற அப்பாயியை ஒரு ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போனது உனக்குத் தெரியும். பத்து மணிக்குப் போய் ஒன்றரை வரை சக்கர நாற்காலியிலேயே உட்கார வைத்திருந்தோம். டியூப் மாற்றிய வேலை பத்து நிமிஷம். வீட்டுக்கு வந்து புடவையை மாற்றும்போது அம்மா கூப்பிட்டுக் காட்டினாள். வால் எலும்பு மேலே ஒரு ரூபாய் அளவுக்குச் சிவந்திருந்த இடம் தோல் உரிந்து புண்ணாகியிருந்தது. அது ஆற இரண்டு மாசம் ஆனது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டிய உடம்பை மூன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார வைத்தால் வேறு என்ன ஆகும்?

இந்தத் தடவை நடந்ததைச் சொல்கிறேன். சாயங்காலத்திலிருந்து பேச்சு தடுமாறியது. செத்துப்போன தாத்தாவை மடை திறக்கச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. நானாக எதுவும் முடிவு செய்யவில்லை, முதலில் டாக்டருக்குப் போன் போட்டேன். எழுப்பினால் கண் திறக்கிறாரா, தண்ணீர் விழுங்குகிறாரா, மூச்சு வாங்குகிறதா, இரண்டு பக்கமும் கை கால் அசைகிறதா, சுகர் எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டார். சுகர் 164, விரலில் மாட்டிப் பார்த்ததில் ஆக்சிஜன் 96, காய்ச்சல் 100. டியூபில் மூத்திரம் கலங்கலாக இருந்தது, நாற்றமும் அடித்தது. "கிளினிக் முடித்துவிட்டு வருகிறேன். அதற்குள் நடுக்கம் வந்தாலோ, எழுப்பியும் கண் திறக்காவிட்டாலோ எனக்காகக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்" என்றார்.

ஒன்பது மணிக்கு வந்தார். கட்டிலைக் கூடத்தில் டியூப்லைட்டுக்கு நேர் கீழே இழுத்துப் போட்டிருந்தேன். நாயைக் கட்டியாயிற்று. மாத்திரை அட்டை எல்லாம் ஒரே மஞ்சப்பையில். டியூப் மாற்றி, சோதனைக்குப் பாட்டிலில் பிடித்து, ஊசி போட்டார். வயசானவர்களுக்கு மூத்திரத்தில் கிருமி ஏறினால் சில சமயம் காய்ச்சலைவிடப் பேச்சுத் தடுமாற்றம் முன்னால் தெரியுமாம். மறுநாளும் வந்து பார்த்தார். அவ்வளவுதான், அது அவர் பைக்குள் அடங்குகிற வேலை.

பைக்குள் அடங்காத வேலைக்கு நான் ஒருமுறை அவரைக் கூப்பிட்டுத் தப்புப் பண்ணியிருக்கிறேன். பெரியப்பாவுக்கு இரண்டு வருஷம் முன்னால் தை மாசம். காப்பி குடிக்கும்போது டம்ளர் நழுவி விழுந்தது, வாய் ஒரு பக்கம் இழுத்தது. வீட்டுக்கே டாக்டர் வரட்டும் என்று சொன்னவன் நான்தான். கிளினிக் கூட்டத்தை விட்டு அவர் வர ஒன்றரை மணி நேரம். வந்தவர் பையைத் திறக்கவே இல்லை. "உடனே தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போங்க, முதலில் ஸ்கேன் எடுக்கணும்" என்றார். கார் தேடி, வழியில் ஸ்கேன் இல்லாத ஓர் ஆஸ்பத்திரியிலும் நின்று, போய்ச் சேர்வதற்குள் நாலரை மணி நேரம் தாண்டிவிட்டது. மூளையில் அடைப்பா ரத்தக் கசிவா என்று ஸ்கேனில் பார்த்து, அடைப்பாக இருந்தால் அந்த நாலரை மணி நேரத்துக்குள் அதைக் கரைக்கிற ஊசி போட வேண்டுமாம். பெரியப்பா இன்றைக்கும் இடது கையால்தான் சாப்பிடுகிறார். பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார எனக்கு இன்னும் கூச்சம்.

அதனால் வாய் கோணினாலும், கை தொங்கினாலும், வியர்வையோடு நெஞ்சு வலித்தாலும், மூச்சு முட்டினாலும் நேராக 108-தான். விழுந்து எழ முடியாமல் கால் ஒரு பக்கம் திரும்பிக் கிடந்தாலும் அதேதான். வயலில் பாம்பு கடித்தாலும் அதேதான், விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. இப்போது குறுவை அறுப்பு. ஆற்றங்கரை ரோட்டில் பாதிக்கு நெல் காய்கிறது, ஆம்புலன்ஸ் ஒதுங்கி வரத்தான் வேண்டும். அதற்காகவே முக்குக்கடை பையனிடம் சொல்லிவைத்திருக்கிறேன், ராத்திரியில் டார்ச்சோடு நிற்பான்.

பிரஷர், சுகர் மாத்திரை 2021-இல் அரசாங்கம் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்துவிடுகிறது, நர்ஸம்மா புண்ணையும் பார்த்துவிட்டுப் போகிறார். டாக்டர் வந்து போவதற்கு நான் கொடுக்கிறதைக் கேட்டால் காசு பார்த்தேன் என்று சொல்லமாட்டாய். அதற்கு மேல் நாலு தேங்காயும் கொடுத்தேன், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டேதான் வாங்கிக்கொண்டார்.

இன்னொன்று. "கடைசியில் என்னை ஆஸ்பத்திரியில் போட்டுவிடாதே" என்று அப்பாயி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது. அந்த நாள் வரும்போது வலிக்கு மருந்து கொடுக்க வீட்டுக்கு வருவீர்களா என்று டாக்டரிடம் கேட்டுவைத்திருக்கிறேன், வருகிறேன் என்றார். அதை நீயும் சித்தப்பாவும் வந்திருக்கும்போது உட்கார்ந்து பேசணும். நான் மட்டும் முடிவு பண்ணினேன் என்று இருக்க வேண்டாம்.

தீபாவளிக்கு வரும்போது விரலில் மாட்டிப் பார்க்கிற கருவிக்கு பேட்டரி வாங்கிவா, சின்னது, இரண்டு. இங்கே கடையில் கிடைப்பது வாரத்தில் தீர்ந்துவிடுகிறது.

அன்புடன்,
அப்பா