போர்க்குடிப் பட்டம் யார் கொடுத்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குலப்பெருமை பேசும் இளைஞர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வெள்ளைக்காரனே தங்களைப் போர்க்குடி என்று எழுதி வைத்திருப்பதாக அதில் சிலர் நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறார்கள். எந்தெந்தக் குலம் பிறவியிலேயே போருக்கு லாயக்கு என்று வெள்ளைக்காரன் போட்ட அந்தப் பட்டியல் எப்படி உருவானது என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லையே என்று மனம் வருந்தியது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் அவத் (இன்றைய உத்தரப் பிரதேசத்தின் ஒரு பகுதி), பீகார் பகுதிச் சிப்பாய்களே அதிகம். 1845க்கும் 1849க்கும் இடையில் நடந்த இரண்டு போர்களில் சீக்கியப் படையோடு மோதி, பஞ்சாபைக் கம்பெனிக்குப் பிடித்துக் கொடுத்த படையில் அவர்கள்தான் பெரும்பகுதி. எட்டு வருடம் கழித்து, 1857இல், அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். பஞ்சாபியரும் கூர்க்காக்களும் ஆங்கிலேயர் பக்கம் நின்றார்கள். அதன்பின் ஆள்சேர்ப்பில் அவத் சிப்பாய்க்கு மவுசு போயிற்று. அவனிடம் தோற்ற சீக்கியர் பிறவி வீரராகிவிட்டார். எட்டு வருடத்தில் யாருடைய ரத்தமும் மாறிவிடாது. மாறியது, யாரை நம்பலாம் என்ற சர்க்காரின் கணக்கு.

மதராஸ் படை 1857இல் பெரும்பாலும் கம்பெனியோடுதான் இருந்தது. அப்படியிருந்தும் நம்மவர்கள் தப்பவில்லை. 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், நீண்ட அமைதியில் தென்னாட்டுச் சிப்பாய் மழுங்கிவிட்டான் என்று முடிவு கட்டினார். அவரே பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியானார். வடமேற்கு எல்லை வழியாக ரஷ்யா படையெடுக்குமோ என்ற பயம் வேறு; அதைத் தடுக்க வடநாட்டுச் சிப்பாயே வேண்டும் என்று நினைத்தார்கள். மதராஸ் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன, அல்லது பெயர் மட்டும் நிற்க ஆட்கள் மாறினார்கள். 10வது மதராஸ் காலாட்படையில் கூர்க்காக்களை நிரப்பி, 1901இல் அதை 10வது கூர்க்கா ரைபிள்ஸ் ஆக்கினார்கள். பாலம், பாதை அமைக்கும் சாப்பர்ஸ் படை மட்டும் தாக்குப்பிடித்தது. மராட்டியத்தில் 1818இல் கோரேகான் போரில் கம்பெனிக்காகச் செத்த மகர் வீரர்களின் சாதிக்கும் 1890களில் ராணுவக் கதவு சாத்தப்பட்டது. சுபேதார் மகனான அம்பேத்கர் இந்த அநீதியைக் கடைசிவரை மறக்கவில்லை.

முதல் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்ததும், லாயக்கற்றவர் என்று ஒதுக்கிய சாதிகளிடமே சர்க்கார் ஆள் கேட்டு வந்தது. போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பியது. 1920களில் மதராஸ் காலாட்படை அறவே இல்லாமல் போயிற்று. அடுத்த உலகப் போர் வந்தபோது மீண்டும் எழுப்பினார்கள். இன்று நீலகிரி வெலிங்டனில் 'வீர மதராஸி, அடி கொல்லு' என்று முழங்கும் மதராஸ் ரெஜிமெண்டுக்கு இப்படியொரு கதை உண்டு.

போர்க்குடி என்று எழுதிய அதே அரசாங்கம்தான் குற்றப்பரம்பரை என்றும் எழுதியது. எங்கள் உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில், குற்றப்பரம்பரைச் சட்டப்படி கைரேகை வைக்க மறுத்தவர்களை 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டுக் கொன்றார்கள். ஒரு பட்டத்தை மகுடமாகச் சூடிக்கொண்டு, இன்னொன்றை மட்டும் பழி என்று தள்ளுவது நியாயமா?

ஒரு வேண்டுகோள். 1914–19 போருக்கு இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் துறந்தார்கள் என்று சொல்லும் கல்வெட்டுகள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் இருக்கின்றன. சில சுண்ணாம்புப் பூச்சில் மறைந்துகொண்டிருக்கின்றன. வாசகர்களிடம் அவற்றின் படங்களைக் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். போனவர்கள் எந்தெந்தத் தெருவிலிருந்து போனார்கள் என்று ஊர்ப் பெரியவர்களிடம் விசாரித்தும் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
உசிலம்பட்டி