புறாமலைக்கு வரும் மகளுக்கு

நிலாவெளி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். போன கிழமை நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று தரம் கேட்டேன். ஆடியில் மருமகனையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறாய், கூடவே அவருடைய நண்பர் குடும்பமும் வருகிறது, புறாமலைத் தீவுக்குப் போய்க் கண்ணாடி போட்டுக் கடலடியைப் பார்க்க ஒரு படகைத் தனியாகப் பிடித்து வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாய். தொலைபேசியில் கதைத்தால் அம்மா இடையில் வாங்கி, பிள்ளைகள் என்ன சாப்பிடுவார்கள் என்று தொடங்கிவிடுவா. எனக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம் நீளம். அதனால்தான் கடதாசி எடுத்தேன்.

படகு பிடித்துத் தருகிறேன். அதில் யோசனை வேண்டாம். தனிப் படகு என்பதும் சரியான முடிவுதான். நம்மூரில் வாடகை ஆளுக்கு இல்லை, படகுக்கு. தீவுக்குள் போக வனசீவராசிகள் திணைக்களத்தின் டிக்கெட் ஒவ்வொருவருக்கும் தனி. நீங்கள் எல்லோரும் கனடாக் கடவுச்சீட்டு என்பதால் உங்களுக்கு வெளிநாட்டவர் கட்டணம் போடுவார்கள், அது எங்களுடையதைப் போலப் பல மடங்கு. அந்த இடத்தில் அவர்களோடு வாதாட வேண்டாம். கேட்ட காசைக் கட்டிவிட்டு வாருங்கள்.

தனிப் படகில் எனக்குப் பிடித்தது நேரம் உங்கள் கையில் இருப்பது. கரையிலிருந்து தீவு ஒரு கிலோமீட்டர் அளவுதான், எஞ்சின் சூடாகும் முன்னே போய்விடலாம். முன்பின் தெரியாத பத்துப் பேரோடு போனால் ஒருவருக்கு அவசரம், ஒருவருக்குப் பசி. பயந்துகொண்டு நிற்கும் பிள்ளையைப் பார்த்து எல்லோரும் "இறங்கு, இறங்கு" என்பார்கள். அப்படி அவசரப்பட்டு இறங்கிய பிள்ளை ஒரு வாய் உப்புத் தண்ணீர் குடித்ததும், பிறகு வாழ்நாளுக்கும் கடலில் முகம் வைக்காது. எத்தனையோ பிள்ளைகளை அப்படிப் பார்த்துவிட்டேன். சின்னவள் அரை மணித்தியாலம் மணலில் இருந்து தண்ணீரைப் பார்க்க விரும்பினால் பார்க்கட்டும். அவளுக்காகப் படகு காத்திருக்கும்.

ஆனால் ஒரு படகுக்குள் இரண்டு குடும்பத்தையும் அடைக்க வேண்டாம். இரண்டு படகாகப் போவோம். ஆளுக்கொரு லைஃப் ஜக்கெட் இருக்கிறதா, பிள்ளைகள் அளவில் இருக்கிறதா என்று நான் முதல் நாளே போய்ப் பார்த்துவிடுகிறேன். பெரிய ஜக்கெட்டைச் சின்னப் பிள்ளைக்குக் கட்டினால், தண்ணீரில் விழுந்ததும் ஜக்கெட் மேலே மிதக்கும், பிள்ளை அதற்குள்ளால் கீழே நழுவும்.

சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி) விடுமுறை எதுவும் வேண்டாம். கிழமை நாளில், டிக்கெட் கொடுக்கத் தொடங்கியதும் முதல் ஆளாகப் போய்விட வேண்டும். பத்து மணி தாண்டினால் படகுகள் வரிசையாக வரும், தண்ணீர் கலங்கிவிடும். இன்னொன்று, காலையில் திமிங்கிலம், அப்புறம் புறாமலை என்று இரண்டையும் சேர்த்து ஒரே பயணமாகச் சொல்வார்கள். கோணேசர் மலைக்கு வெளியே ஆழக்கடலில் நீலத் திமிங்கிலம் வருவது உண்மை, அது பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் இரண்டு மூன்று மணித்தியாலம் அலையில் குலுங்கி வாந்தி எடுத்த பிள்ளைகளை அதற்குப் பிறகு தண்ணீரில் இறக்கக் கூடாது. அதற்கு இன்னொரு நாள் வைப்போம்.

காற்றையும் சொல்லிவிடுகிறேன். ஆடியில் வாடைக்காலத்துப் பேரலை இல்லை. அடிப்பது கச்சான். அது தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. கரையோரம் தண்ணீர் எண்ணெய் ஊற்றியது போலக் கிடக்கும், பார்க்கிறவருக்குப் பயமே வராது. ஆனால் காற்றடைத்த வளையத்திலோ மெத்தையிலோ படுத்திருப்பவரை அது சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போகும். நண்பர் குடும்பம் அப்படி ஏதாவது ஊதும் சாமான் கொண்டுவந்தால் வீட்டுக் கிணற்றடியில் வைத்துவிட்டு வரச் சொல்லு.

சரி, இவ்வளவும் எந்தப் படகுக்காரனும் சொல்வான். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

நீ படித்த காசில் பாதி அந்தத் தீவைச் சுற்றியுள்ள முருகைக்கல்லிலிருந்து, அதாவது பவளப்பாறையிலிருந்து, வந்தது என்று உனக்குத் தெரியும். 2009க்குப் பிறகு பாதைகள் திறந்து, தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்தபோது நான் வலையை மடித்து வைத்துவிட்டுப் படகை ஆட்களுக்கு ஓட்டினேன். ஒரு நாளைக்கு ஆறு, ஏழு நடை. உனக்குத் தெரியாதது, அந்த நாட்களில் நான் எப்படி ஓட்டினேன் என்பது. புறாமலை 1963இலேயே சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் முருகைக்கல்லின் மேல் நங்கூரம் போட்டேன். மணலில் போட்டால் இழுபடும், கல்லில் போட்டால் பிடிக்கும். அவ்வளவுதான் என் கணக்கு.

ஒருநாள் நங்கூரம் சிக்கிக்கொண்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுழியோடிப் போனேன். மான்கொம்பு மாதிரிக் கிளைவிட்ட கல், நம் வீட்டு முற்றம் அளவு பரந்து கிடந்தது. அதன் நடுவால் என் கயிறு அறுத்துக்கொண்டு போயிருந்தது. முறிந்த இடமெல்லாம் பல்லுப்போல வெள்ளை. சின்ன நீல மீன்கள் முறிந்த கிளைகளுக்கு மேலேயே சுற்றிக்கொண்டு நின்றன, போக இடமில்லாமல். நான் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். படகில் இருந்தவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குப் பின்னேரம் இன்னும் இரண்டு நடை போனேன்.

அந்த இடத்தை அடுத்த வருடம் பார்த்தேன், அதற்கு அடுத்த வருடமும் பார்த்தேன். முறிந்த துண்டுகள் கடலடியில் சல்லிபோலக் கிடக்கின்றன. அலை வரும்போதெல்லாம் உருண்டு, பக்கத்தில் உயிரோடு நிற்பதையும் அடிக்கின்றன. உருளுகிற சல்லியில் முருகைக்கல்லின் புதுக் குஞ்சு ஒட்டி வளர முடியாது. மேலே பாசி படர்ந்துவிட்டது. ஒரு நங்கூரம், ஒரே ஒரு முறை.

மூத்தவன் "கல்லுக்கு எப்படி உயிர் இருக்கும் தாத்தா?" என்று கேட்டானே, அவனுக்கு இப்படிச் சொல்லு. கல்லைக் கட்டுவது நகக்கண் அளவு உயிர்கள், ஆயிரமாயிரமாய்ச் சேர்ந்து. அவற்றின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அது வெயிலில் சமைத்துச் சாப்பாடு கொடுக்கிறது, நிறமும் பெரும்பாலும் அதனுடையதுதான். கடல் வழக்கத்தைவிட ஒரு பாகை கூடி, அது சில கிழமை நீடித்தாலே அந்தப் பாசி வெளியேறிவிடும். கல் வெளிறும். கெதியாகக் குளிர்ந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் பட்டினியில் சாகும். 1998இல் இலங்கையின் தெற்கிலும் மேற்கிலும் அப்படித்தான் பெரும்பகுதி போனது. நம்முடைய பக்கம் பெரும்பாலும் தப்பியது. 2024இல் உலகம் முழுக்கத் திரும்பவும் கல் வெளிறுகிறது என்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். கடல் சூடாவதை நானும் நீயும் இங்கேயிருந்து நிறுத்த முடியாது. ஆனால் அந்தச் சூட்டுக்குத் தப்பி நின்றதை என் நங்கூரம் முறித்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு அடைக்கும்.

கிளைவிடுகிற இனம் வருடத்துக்குச் சில அங்குலம் வளரும். உருண்டையாய், பானையைக் கவிழ்த்தது போல இருக்கிற இனம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான். மூத்தவன் இடுப்பு உயரத்துக்கு ஒன்று நின்றால், அதற்கு ஏறக்குறைய என் வயது இருக்கும். வருகிறவர்கள் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்ததும் அதன் மேல்தான் ஏறி நின்று சரிசெய்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மூச்சு முட்டினால் கால் நிலத்தைத் தேடும். எங்களில் யாரும் அவர்களுக்கு முதலே மிதக்கக் கற்றுக்கொடுக்கவில்லை.

அதனால் நான் உன்னிடம் கேட்பது, இரண்டு குடும்பத்திலும் ஒருவர்கூடக் கல்லின் மேல் கால் வைக்கக் கூடாது. அதற்காக எல்லோரும் இரண்டு நாள் முன்னாலேயே வீட்டுக்கு வரவேண்டும்.

முதல் நாள் நம் வீட்டுக் கரையில், மணல் அடியுள்ள இடுப்பளவு தண்ணீரில் பழக்குகிறேன். கண்ணாடியைப் பட்டி போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுத்தால் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விழுந்தால் அந்த அளவு சரியில்லை. ஒரு மயிர் இடையில் மாட்டினாலும் தண்ணீர் வரும், சின்னவளுக்கு முன்மயிரைப் பின்னால் இழுத்துக் கட்டிவிடு. உள்ளே எச்சில் துப்பித் தேய்த்துக் கழுவினால் புகாராது, அருவருக்க வேண்டாம். வாயில் வைக்கும் மூச்சுக் குழாய்க்குள் தண்ணீர் போனால் "தூ" என்று ஒரே ஊது. முகத்தைத் தண்ணீரில் வைத்துக் கையைக் காலை விட்டு, செத்தமீன் போலக் கிடக்கப் பழக வேண்டும். அதில் ஐந்து நிமிடம் கிடந்துவிட்டால் மற்றதெல்லாம் தானே வரும். முகம் முழுக்க மூடுகிற புதுவகைக் கண்ணாடி பிள்ளைகளுக்கு வேண்டாம். திடீரென்று பயந்தால் குழாயைத் துப்பிவிட்டு மூச்செடுப்பது போல அதைக் கழற்ற முடியாது.

வெயில் கிரீமைக் கடலில் இறங்கும் முன் பூச வேண்டாம். அதிலுள்ள சில மருந்துகள் முருகைக் குஞ்சுகளைக் கெடுக்கின்றன என்று ஹவாய்த் தீவில் 2021 முதல் அந்த வகைகளை விற்கவே விடுவதில்லை. கை நீண்ட நீச்சல் சட்டை ஆளுக்கொன்று கொண்டுவா. கிரீமைவிட அது நல்ல காவல். முதுகு எரியாமல் இருப்பதற்கு வேறு வழி தேடாதே.

மீனுக்குப் பாண் போடக் கூடாது. இதையும் நான் செய்தவன்தான். பாண் துண்டை விட்டால் மீன் கூட்டமாய் வந்து காலை மொய்க்கும், ஆட்கள் சந்தோஷத்தில் கூடக் காசு தருவார்கள். ஆனால் கிளிமீனின் வேலை கல்லில் படரும் பாசியைக் கொறிப்பது. அது பாணுக்குக் காத்து நின்றால் பாசி கல்லை மூடிவிடும்.

சுறாவைப் பற்றி மருமகன் கேட்டிருந்தார். இருக்கிறது, காலையிலே ஆழமில்லாத இடத்திலேயே காணலாம். செட்டை நுனியில் கறுப்பு மையைத் தொட்டு வைத்தது போல இருக்கும், பெரியது என்றால் ஐந்தடி. அது மனிதருக்குக் கூச்சப்படுகிற சாதி. துரத்தாமல், தண்ணீரை அடிக்காமல் அசையாமல் மிதந்தால் வட்டம் போட்டுக்கொண்டு திரும்பி வரும். நீங்கள் தாய்லாந்தில் தனிப் படகு எடுத்து மாயா விரிகுடாவுக்குப் போனதைப் படத்தோடு அனுப்பினாய் அல்லவா? அந்த இடத்தை 2018இல் மூடி, 2022இல் திறந்தபோது இதே கறுப்புநுனிச் சுறாதான் திரும்பி வந்திருந்தது என்று நீயே சொன்னாய். இப்போது விரிகுடாவுக்குள் படகே விடுவதில்லை, பின்பக்கம் இறக்கி நடந்து போகச் சொன்னார்கள் என்றும் சொன்னாய். எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. ஆட்கள் கொஞ்சம் ஒதுங்கி நின்றால் கடல் திரும்பி வருகிறது என்ற செய்தியை நீ எனக்கு எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டாய்!

தீவில் இரண்டு கரை. படகு விடும் கரையிலிருந்து பாறைகளுக்கு நடுவே சிறிது தூரம் நடந்தால் மற்றக் கரை. மேலே பாறை இடுக்குகளில் மாடப்புறா கூடு கட்டும், பெயரே அதனால்தான். கடலில் ஒன்றரை மணித்தியாலம் போதும். உடம்பு குளிர்ந்து களைத்த பிறகுதான் கால் கல்லைத் தேடத் தொடங்கும். பெரியவர் ஒருவருக்குப் பிள்ளை ஒன்று, அந்தக் கணக்கு மாறக் கூடாது. நண்பர் குடும்பத்துப் பிள்ளைகளோடு நான் இறங்குகிறேன். வயது போனாலும் தண்ணீருக்குள் எனக்கு இன்னும் முழங்கால் வலிப்பதில்லை.

படகை என்னிடம் தொழில் பழகிய பெடியன் ஓட்டுவான். அவன் மணலில்தான் கட்டுவான். ஆனால் நண்பர் குடும்பத்துக்கு இதையெல்லாம் நீதான் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வந்து இறங்கிய பிறகு நான் சொன்னால் கிழவன் அதட்டுகிறான் என்று நினைப்பார்கள். நீ சொன்னால் கேட்பார்கள்.

எல்லாம் முடிந்து நேரம் இருந்தால் உன்னை மட்டும் அந்த முறிந்த இடத்துக்குக் கூட்டிப்போகிறேன். போன வருடம் பார்த்தபோது சல்லி உருளாத ஒரு ஓரத்தில், விரல் நீளத்தில் நாலு கொம்பு வந்திருந்தது. ஊதா நிறம். இதை அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை.

பிள்ளைகள் இரண்டு பேரின் கால் அளவையும் கெதியாக எழுதி அனுப்பு. ரப்பர் சப்பாத்து திருகோணமலைக் கடைகளில் ஆடி பிறந்தால் கிடைக்காது.

அன்புடன்
அப்பா