முட்டை குறைந்தால் டைமரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மார்கழி, தை மாதங்களில் முட்டை இறங்கினால் நாமக்கல் வட்டாரத்தில் முதல் பழி தீவனத்தின் மேல், அடுத்தது பனியின் மேல். கொட்டகை விளக்கு எத்தனை மணிக்கு எரிகிறது, எப்போது அணைகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு.

கோழிக்கு வெளிச்சம் கண் வழியாக மட்டும் போவதில்லை. மண்டை ஓட்டை ஊடுருவி நேராக மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் பகுதியை எட்டுகிறது. அங்கே சுரக்கும் ஹார்மோன்தான் சினைப்பையை இயக்கிவிடுகிறது. முதல் வெளிச்சம் தொடங்கிக் கடைசி வெளிச்சம் வரை உள்ள நேரமே கோழிக்குப் பகல். முட்டையிடும் காலத்தில் அது சுருங்கவே கூடாது. சுருங்கினால் முட்டை குறையும், இறகும் உதிரத் தொடங்கும்.

சிலர் மாலையில் மட்டும் விளக்குப் போட்டு எட்டரைக்கு அணைக்கிறார்கள். தவறு இங்கேதான். ஜூனில் ஆறு மணிக்குள் சூரியன் வந்துவிடும், ஜனவரியில் ஆறரை தாண்டும். டைமரைத் தொடாமலேயே கோழியின் பகலில் முக்கால் மணி நேரம் போய்விடுகிறது. அதிகாலை நாலரைக்கு விளக்கைப் போட்டு நன்றாக விடிந்தபின் அணைத்து, மாலை மங்குவதற்குள் மறுபடி போட்டு எட்டரைக்கு அணைத்தால் ஆண்டு முழுக்க 16 மணி நேரம் நிற்கும்.

மின்சாரம் போனால் நின்றுவிடும் பழைய டைமர் இரண்டு மணி நேர மின்வெட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் பிந்தியே ஓடும். நாலரை விளக்கு ஆறரைக்கு எரியும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமருக்கு இந்தக் கோளாறு இல்லை.

தீவனத் தொட்டியருகே 10 முதல் 20 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் போதும். அதை அடித்தட்டுக் கூண்டில் அளக்க வேண்டும். மேல்தட்டுக்கு எப்படியும் கிடைத்துவிடும். சிவப்பு ஒளி மண்டை ஓட்டைச் சுலபமாகக் கடக்கும் என்பதால், அது கூடுதலாக உள்ள மஞ்சள் சாயல் எல்இடி நல்லது. பல்பில் படியும் தூசியை வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும்.

வளரும் கோழிக்கு விதி தலைகீழ்: பகல் நீளக் கூடாது. 18 வாரம் முடிந்து, சராசரி எடை ஒன்றேகால் கிலோவை நெருங்கிய பிறகே விளக்கைத் தொட வேண்டும், அதுவும் வாரத்துக்கு அரை மணி வீதம். அவசரப்பட்டால் முட்டை சிறுத்துப்போகும், ஆசனவாய் பிதுங்கும். பிதுங்கியதைப் பக்கத்துக் கோழி கொத்திக் கொன்றுவிடும்.

விடிய விடிய எரியவிட்டால் முட்டை கூடும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். 16 மணி நேரத்துக்கு மேல் கரண்ட் பில்தான் கூடும். கோடையில் நள்ளிரவு 12 முதல் 1 வரை விளக்குப் போடுவது வேறு கணக்கு. பகல் வெயிலில் தின்னாத கோழி அந்தக் குளிர்ச்சியில் தின்னும். முட்டை ஓடு உருவாகும் நேரத்தில் சுண்ணாம்புச் சத்தும் சேரும். அதற்கு முன்னும் பின்னும் மூன்று மணி நேரமாவது இருட்டு வேண்டும். கோடை முடிந்ததும் ஒரேயடியாக நிறுத்தாமல் வாரத்துக்கு 15 நிமிடமாகக் குறைக்க வேண்டும்.

இப்படிக்கு,
கோழிப் பண்ணையாளர்கள் சிலர்,
நாமக்கல்.